றிஸ்னாவைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

2009 ஜூன் 8, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கே றோட்டில் கால் வைக்க முடியாத சூடு. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, வாசல் கழுவ வேண்டாம் என்றார் என் கணவர் நேசன். கழுவினேன். சும்மா இருக்க முடியவில்லை.

செய்ய வேண்டியவை: தைக்கக் கொடுத்த யூனிபோம் எடுக்க. நேசனின் கண் கிளினிக் துண்டு. மா இடிக்க. 21ஆம் திகதிப் பேச்சு.

பேச்சுத்தான் தலையிடி. மாதர் ஞாயிறு. இந்த முறை என்னைப் பேசச் சொல்லிப் போதகர் பிடிவாதம். தலைப்பும் அவரே தந்துவிட்டார்: கர்த்தரைப் பற்றிக் கேள்விப்படாமலே செத்தவர்களுக்கு நியாயத்தீர்ப்பு எப்படி? போன கிழமை வேதப்படிப்பில் தங்கமலர் அக்கா கிளப்பிய கேள்வி அது.

"எங்கட பின் வளவுச் சோனகப் பொம்பிள எத்தின பேருக்குச் சோறு குடுத்தவ. சுனாமி அலையில போயிற்றா. அவவுக்கு நரகமெண்டா எனக்கு மோட்சத்தில என்ன வேல?"

எல்லோரும் சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை. "கிடைச்ச வெளிச்சத்துக்குத்தான் கேள்வி வரும் அக்கா. கிடைக்காத வெளிச்சத்துக்கு இல்ல," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரஞ்சிதம் மிஸ்ஸி இருபது வருஷமா ஆஸ்பத்திரியில நேர்ஸா நிண்டு சாவக் காணுறவ. அவ கதைச்சா எடுபடும்."

எடுபடுமாம்.

ஜூன் 9, செவ்வாய்

பகல் டியூட்டி. வாட்டில் முப்பத்தொரு பேர், கட்டில் இருபத்திரண்டு. மின்விசிறி இரண்டு வேலை செய்யவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சண்டை முடிந்த கதைதான். முடிந்து மூன்று கிழமை, சந்தியில் கட்டின கொடியை இன்னும் அவிழ்க்கவில்லை. பதினேழாம் கட்டில் அம்மா ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்கிறா: "முகாமுக்குக் கடிதம் போட்டா எத்தின நாளில போகும் மிஸ்ஸி?" சண்டையில் தப்பியவர்களை வைத்திருக்கிற அந்த முகாமில் மகன் இருக்கிறானா என்பதே தெரியாது. யாரும் அவவிடம் அதைச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

பேச்சுக்குக் குறிப்பு, மருந்துத் துண்டின் பின்பக்கம்:
- கேள்விப்படாதவர்: மனச்சாட்சியின்படி.
- அரைகுறையாகக் கேட்டவர்: கேட்டதன்படி.
- நன்றாகத் தெரிந்தும் செய்யாதவர்: எசமானின் விருப்பம் தெரிந்த வேலைக்காரனுக்கு அடி அதிகம்.

மூன்றாவதை எழுதிவிட்டுத் துண்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு போய் எடுத்தேன்.

ஜூன் 10, புதன்

சரீனா வந்தாள்.

வெளிநோயாளர் வாசலில் அவளுடைய கறுப்பு அபாயாவைக் கண்டவுடன் மருந்து அறைக்குள் புகுந்தேன். நாலரை வருஷமாக இதுதான் செய்கிறேன். கல்முனைக்குடியில் அவளுடைய ஒழுங்கையால் போவதில்லை. சந்தையில் கண்டால் மீன் பக்கம் திரும்பிவிடுவேன். இன்றைக்கு அவள் நேரே மருந்து அறைக் கதவுக்கே வந்துவிட்டாள்.

"ஓடாதீங்க மிஸ்ஸி. ஒங்களத் தேடித்தான் வந்தன்."

முகத்தில் ஒரு வெளிச்சம். முன்பு, கடல் வந்துபோன பிறகு, பள்ளிக்கூட முகாமில் ஒரு தரம் கண்ட அதே வெளிச்சம்.

அவளுடைய அண்ணன் ஜப்பார் காக்கா லொறியில் வவுனியாவுக்குச் சாமான் கொண்டு போனாராம். அங்கே தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வைத்திருக்கிற ஒரு வீடு. அதில் ஒரு பெண் பிள்ளை.

"ஒம்பது வயசாம். கடல் வந்தது ஞாபகமாம். உம்மாட பேர் தெரியாதாம். எங்கட ஊர்ப் பேச்சு வாயில வருதாம். புருவத்தில தழும்பும் இரிக்காம் மிஸ்ஸி."

கையிலிருந்த மருந்துப் போத்தலைத் தட்டில் வைத்தேன்.

"அந்த வீட்டு ஆக்கள் டொக்டர்ட கடிதம் கேக்காங்க. என்ட றிஸ்னாட புருவத்தில தையல் போட்டதுக்கு அத்தாட்சி. ஒங்கட ஆஸ்பத்திரிப் புத்தகமெல்லாம் வெள்ளத்தில போயிற்றாம். தையல் போடக்குள்ள தலையப் புடிச்சது நீங்கதானே. ஒங்கட விரலக் கடிச்சாளே. நீங்க எழுதித் தந்தாப் போதுமாம்."

பார்ப்போம் என்றேன். அதற்கே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நேசனின் கண் கிளினிக் துண்டு எடுக்க மறந்துபோனேன்.

ஜூன் 11, வியாழன்

லீவு. வீட்டில் யாரும் இல்லை. எழுதிவிடுகிறேன். இதை எங்கும் எழுதியதில்லை.

அன்றைக்கு ஞாயிறு, கிறிஸ்மஸுக்கு மறுநாள். ஆராதனை நடுவில் ஆட்கள் ஓடிவந்தார்கள், கடல் வருகுது என்று. கோயிலுக்குக் கட்டின நீலச் சேலையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். யூனிபோமுக்கு மாறிச் சேலையைப் பைக்குள் வைத்தேன். பத்து மணிக்குப் பிறகு உயிரோடு வந்தவர்கள் குறைவு.

பின் விறாந்தையில் பிள்ளைகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். முகமெல்லாம் மண். ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே போனேன். ஏழாவதோ எட்டாவதோ. இடது புருவத்தில் மூன்று தையல் தழும்பு, இன்னும் சிவப்பு மாறவில்லை. ஒரு மாதத்துக்கு முன் நான் தலையைப் பிடித்திருக்க டொக்டர் போட்ட தையல். றிஸ்னா. நாலு வயது. தாயின் பேர் தெரியும், ஒழுங்கை தெரியும்.

உடுப்பு இல்லை. என் சேலையை எடுத்துச் சுற்றினேன். பேர் பதிகிற ஆளைத் தேடி எழும்பினேன். அப்போது யாரோ சொன்னார்கள், பாண்டிருப்பில் கமலாவின் வீட்டைக் காணவில்லை என்று. கமலா என் தங்கச்சி. ஓடிவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் கமலாவைக் கண்டெடுத்தோம், உயிரில்லாமல். நான் திரும்பி வேலைக்கு வந்தபோது விறாந்தை கழுவியிருந்தது. எல்லோரையும் லொறியில் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். அவசரம், வேறு வழி இல்லை. இதுவரைக்கும் என்னில் பிழை இல்லை. கர்த்தர் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

பிழை அதற்குப் பிறகு. மூன்று கிழமை கழித்துப் பள்ளிக்கூட முகாமுக்கு மருந்து கொடுக்கப் போனேன். அங்கே சரீனா. புருஷனும் அலையில் போய்விட்டார். நாட்கணக்காகச் சாப்பிடாமல் கிடந்தவளாம், அன்றைக்குப் பாண் தின்றுகொண்டிருந்தாள். சின்னப் பெண் பிள்ளை ஒன்றை உயிரோடு லொறியில் ஏற்றிப் போனதைக் கண்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உசிரோட இரிக்காள் மிஸ்ஸி," என்றாள், வாயில் பாணோடு.

நான் "நல்லது" என்றேன்.

நாளைக்குச் சொல்வோம், உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். அப்போது அது இரக்கம். ஒரு மாதம் போனபின் அது கூச்சம். ஒரு வருஷம் போனபின் பயம்: ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாளே. பிறகு அதற்கு ஒரு பேரும் இல்லை, பழகிவிட்டது.

நேசன் வருகிற சத்தம். மூடுகிறேன்.

ஜூன் 12, வெள்ளி

நேசனிடம் சொன்னேன். கல்யாணம் கட்டிப் பதினாறு வருஷம், இதை அவருக்கும் மறைத்திருக்கிறேன். சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கோபிக்கவில்லை. அதுதான் கஷ்டம்.

"கடிதத்தக் குடு," என்றார்.

"அந்தப் பிள்ள றிஸ்னா இல்ல."

"இல்லத்தான். அங்க ஒரு தாயில்லாப் பிள்ள இருக்கு. இஞ்ச ஒரு பிள்ளையில்லாத் தாய் இருக்கா. ஆண்டவர் ரெண்டையும் சேர்க்கிறாரெண்டு நினை. நீ ஏன் குறுக்க நிக்கிறாய்?"

"அந்தப் பிள்ளையின்ர சொந்தத் தாய் எங்கயாவது முகாமில தேடிக்கொண்டிருந்தா?"

"செத்திருப்பா."

"தெரியுமா உங்களுக்கு?"

கை கழுவப் போனார். குசினி வாசலில் நின்று சொன்னார்: "நீ இப்ப போய்ச் சொன்னா ஆருக்கு நன்மை? அவளுக்கா? உனக்குத்தான் நெஞ்சு ஆறும். அவளுக்கு நெருப்பு."

பாதி சரி. அந்தப் பாதி மத்தியானம் முழுக்க என்னைத் தின்றது.

மா இடித்தேன். இரண்டு கொத்து. வறுக்கும்போது கருகிவிட்டது.

ஜூன் 14, ஞாயிறு

கோயில். திருவிருந்துக்கு எல்லோரும் எழும்பினார்கள், நான் எழும்பவில்லை. தங்கமலர் அக்கா முழங்கையால் இடித்தா. வயிறு சரியில்லை என்றேன். கோயிலுக்குள் இருந்து ஒரு பொய்.

முடிந்தபின் போதகரிடம் கேட்டேன், பேச்சுக்குத் தேவை என்று சொல்லி: ஒருவருக்கு ஒரு உண்மை தெரியும், சொன்னால் மற்ற ஆளுக்கு நோகும், சொல்லாமல் விட்டால் அன்றைக்கு அதற்கும் கேள்வி வருமா?

பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "நோகும் எண்டது ஆருக்கு, சொல்லுறவருக்கா கேக்கிறவருக்கா எண்டு முதல்ல பார்க்கவேணும்." பிறகு நிமிர்ந்து, "மிஸ்ஸி, இது பேச்சுக்குத்தானே?"

"ஓம் ஐயா."

இரண்டாவது பொய்.

ஜூன் 15, திங்கள்

கடிதத்தை எழுதியேவிட்டேன். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. "இன்ன வருஷம் கார்த்திகை மாதம் மேற்படி பிள்ளையின் இடது புருவத்தில் மூன்று தையல் இடப்பட்டதை நான் நேரில் அறிவேன்." வாசித்துப் பார்த்தேன். ஒரு சொல் பொய் இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மை, கடிதம் முழுப் பொய். இப்படியும் எழுத முடியும் என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். பிறகு வேதப் புத்தகத்துக்குள். அங்கேயும் வைக்க மனமில்லை. கடைசியில் குசினியில் சீனிப் பேணிக்குப் பின்னால்.

ஜூன் 16, செவ்வாய்

வாட்டுக்கு ஜப்பார் காக்கா வந்தார், கடிதம் கேட்டு. பெரிய உடம்பு, மெல்லிய பேச்சு. வருகிற செவ்வாய் பஸ் என்றார். "தங்கச்சி இப்பயே சட்ட தைக்கத் துணி எடுத்திற்றா மிஸ்ஸி. அளவு தெரியாம ரெண்டு அளவில."

நாளைக்கு நானே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நிமிஷம் தெரியாது. அவர் போனபிறகு தெரிந்தது.

பதினேழாம் கட்டில் அம்மாவுக்குச் சேலைன் ஏற்றும்போது நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தரம் குத்தினேன். அவ சொன்னா, "பரவாயில்ல மகள், நோகல்ல."

கேள்விப்படாதவர்களின் பாடு கர்த்தருக்குத் தெரியும். நீலச் சேலை, மூன்று தையல், தாயின் பேர் எல்லாம் தெரிந்தவளுக்கு எந்தச் சாட்டு மிச்சம்?

ஜூன் 17, புதன்

சொல்லிவிட்டேன். நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்குப் போனேன். நிவாரண உதவியில் கட்டிக்கொடுத்த வீடு, முன் அறையில் தையல் மெசின். மெசினில் மஞ்சள் சட்டை. ஜப்பார் காக்காவும் இருந்தார். கதிரை போட்டார்கள். சரீனா தேத்தண்ணி ஊற்றப் போனாள், வேண்டாம் இரு என்றேன்.

"கடிதம் கொண்டுவரல்ல, சரீனா. அந்தப் பிள்ள றிஸ்னா இல்ல. றிஸ்னா அண்டைக்கே மௌத்தாயிற்றா. நான் என்ட கண்ணால கண்டன். முகத்தத் துடைச்சது நான்."

அவளுக்கு விளங்கவில்லை. சிரித்தமாதிரி இருந்தாள். இரண்டாந்தரம் சொன்னேன். ஜப்பார் காக்கா எழும்பிவிட்டார்.

"எப்ப கண்டீங்க?"

"அண்டைக்கு. பத்து மணி கழிஞ்சு."

"நாலர வருஷம் மிஸ்ஸி." சத்தம் போடவில்லை. "இவள் ஊர் ஊராப் போனாள். அம்பாறைக்குப் போனாள், மட்டக்களப்புக்குப் போனாள், சண்டைக்குள்ள வாகரைக்குப் போனாள். நீங்க ஆஸ்பத்திரியில இருந்து பார்த்திற்று இருந்தீங்க." வெளியே போய் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை.

சரீனா அழவில்லை. ஒன்றொன்றாகக் கேட்டாள், வாட்டில் நாங்கள் நோயாளியிடம் கேட்பதுபோல.

"உடுப்பு இருந்திச்சா?"

"இல்ல. என்ட சேலையில சுத்தினன். நீலம். புதுசு."

"முகம்?"

"காயமில்ல. மண் மட்டும்."

"கண்?"

"மூடியிருந்திச்சு."

"ஆரும் தொழுதாங்களா?"

இந்த இடத்தில் ஓம் என்று சொல்ல வாய் வந்தது. ஒரு ஓம். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "ஒரு லொறியடியில உங்கட ஆக்கள் நிண்டு தொழுதாங்களாம், பிறகு கேள்விப்பட்டன். அவள் அந்த லொறியிலயா மற்றதிலயா, எனக்குத் தெரியா. நான் அங்க இல்ல."

மெசின் சில்லைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு:

"இத்தின நாளும் அவளுக்கு நான் கேட்ட துஆவெல்லாம் உசிரோட இரிக்கிற பிள்ளைக்குக் கேக்கிற துஆ. சாப்பாடு குடு, ஆரும் அடிக்காம பாத்துக்கொள், எனக்கிட்டக் கொண்டுவந்து சேர். மௌத்தான பிள்ளைக்கு ஒரு துஆ கேக்கல்ல நான். அத ஆரு மிஸ்ஸி திருப்பித் தாற?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"மறுமையில அல்லாஹ்கிட்ட ஒங்களச் சொல்லுவன்."

"சொல்லுங்க. நானும் அங்க அதத்தான் சொல்லுவன்."

போங்க என்றாள். போனேன். செருப்பைப் போட மறந்து றோட்டு வரைக்கும் வந்து, கால் சுட்டபிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கத் தைரியமில்லை. அவளே படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஜூன் 18, வியாழன்

நெஞ்சு ஆறும் என்று நேசன் சொன்னது பிழை. ஆறவில்லை. காய்ச்சல்போல இருக்கிறது. டியூட்டியில் மருந்துகளை இரண்டு தரம் சரிபார்த்துக்கொண்டேன்.

பதினேழாம் கட்டில் அம்மா வீட்டுக்குப் போகிறா. இன்றைக்கும் கேட்டா. பக்கத்தில் இருந்து சொன்னேன்: "அம்மா, மகன் அங்க இருக்கிறாரெண்டு எங்களுக்குத் தெரியா. தேடுறதுக்கு எங்க எழுதுறதெண்டு சொல்லித் தாறன்." அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு கண்ணாடியைப் போட்டு விலாசத்தை எழுதிக்கொண்டா.

நேசன் மீன் வாங்கிவந்து அவரே வெட்டினார்.

ஜூன் 21, ஞாயிறு

காற்று பலம். கோயில் ஜன்னல்கள் அடித்துக்கொண்டே இருந்தன, ஆள் விட்டுச் சாத்தவேண்டி வந்தது.

பேச்சு பத்து நிமிஷமும் இல்லை. குறிப்பைப் பார்க்கவில்லை. கேள்விப்படாதவர்களைப் பற்றிப் பேசத்தான் எனக்குத் தலைப்புத் தந்தார்கள், அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அவர்களை நியாயந்தீர்க்க என்னை யாரும் கூப்பிடவுமில்லை என்றேன். எனக்குத் தெரிந்தது ஒரு பிள்ளையின் சாவு, அதை அந்தப் பிள்ளையின் தாயிடமிருந்து நாலரை வருஷம் மறைத்தேன் என்றேன். பேர் சொல்லவில்லை. "தீர்ப்பு நாள் தூரத்தில் இருக்கிறதென்று நினைத்திருந்தேன். போன புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு தையல் மெசினுக்கு முன்னால் அதில் கொஞ்சம் பார்த்தேன்." இறங்கிவிட்டேன்.

பிறகு பாட்டு எடுத்தார்கள், சுருதி பிழைத்து.

வெளியே தங்கமலர் அக்கா கையைப் பிடித்தா. "எல்லாஞ் சரி. எங்கட பின் வளவுப் பொம்பிளைக்கு என்னெண்டு நீ சொல்லல்லயே."

"எனக்குத் தெரியாதக்கா."

"அதையாவது சொன்னியே," என்றா. கையை விடவில்லை.

போதகர் கேற்றடியில்: "அந்தத் தாய் என்ன சொன்னா?"

"மன்னிக்கல்ல ஐயா."

"ம்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

ஜூன் 22, திங்கள்

பின்னேரம் நாலு மணி. உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கேற் சத்தம். சரீனா. தனியே. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மாமர நிழலில் நின்றபடியே கதைத்தாள். கண் வீங்கியிருந்தது.

"வெள்ளிக்கிழம பள்ளியில அவளுக்குத் தொழுவிச்சாங்க. மையித்து, அவள்ட உடம்பு, முன்னால இல்லாமலும் தொழலாமாம். மௌலவி சொன்னார், தண்ணியில போனவங்க ஷஹீதாம், நேர சுவர்க்கமாம்."

கையோடு வந்த துவாயை இன்னொரு தரம் மடித்தேன்.

"வவுனியாவில இருந்து காக்காக்குப் போன் வந்திச்சு. நாங்க முதல்லயே வாற எண்டு சொல்லிப்போட்டம் அல்லவா, அவங்க அந்தப் பிள்ளைட்டச் சொல்லிற்றாங்களாம், உம்மா வாறா எண்டு. அது காலம்பறயில இருந்து தலையச் சீவிற்றுப் படிக்கட்டில குந்திற்று இரிக்காம்."

"போன்ல சொல்லிவிடுங்களன், சரீனா. வரல்ல எண்டு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போன்ல சொல்லுற கதையா மிஸ்ஸி இது?"

முகம் எரிந்தது எனக்கு.

"நான் போறன். நான் ஒன்ட உம்மா இல்ல எண்டு அதுட முகத்தப் பாத்துச் சொல்லப் போறன். அதுக்கு ஒரு உம்மா எங்கயும் இரிக்கலாம், தேடுவம் எண்டும் சொல்லணும். அந்தத் தழும்பு என்ன தழும்பு, எப்ப பட்டது, நீங்க பார்த்தாச் சொல்லுவீங்க. எழுதி வச்சா அதுட ஆக்கள் தேடக்குள்ள உதவும். நீங்களும் வாங்க."

"நானா?"

"ஓம். காக்கா வேணாமெண்டார். நான்தான் கேக்கன்."

"சரீனா, நீங்க என்ன..."

"மன்னிக்கல்ல." வெட்டிச் சொன்னாள். "அது வேற. அந்தப் பிள்ள குந்திற்று இரிக்கி."

பஸ் நாளைக் காலை ஆறேகால், சந்தியில் இருந்து. இரண்டு ரிக்கற் காக்கா எடுத்துவிட்டாராம், வேண்டாமென்று சொல்லிக்கொண்டே. அவள் போனபின் லீவுக் கடிதம் எழுதினேன். நேசன் கொண்டுபோய்க் கொடுப்பார். காரணம் என்ற இடத்தில் "குடும்ப அலுவல்" என்று எழுதி, வெட்டிவிட்டு, வவுனியாவில் ஒரு பிள்ளைக்கு உண்மை சொல்லப் போகிறேன் என்று எழுதினேன். மேட்ரன் என்ன நினைப்பாவோ. நினைக்கட்டும்.

தண்ணிப் போத்தல், துவாய், அளவு நாடா, காயத்தைப் பார்க்க டோர்ச், பிஸ்கட் இரண்டு பக்கற். பிள்ளை என்ன பிஸ்கட் சாப்பிடுமோ தெரியாது.